மைக்ரோகண்ட்ரோலரும் கம்பைலரும்: ஆர்வலர் மேசையின் அரை நூற்றாண்டு

செயலி, நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் மூன்றும் ஒரே சில்லுக்குள் அடங்கியிருந்தால் அது மைக்ரோகண்ட்ரோலர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்றும் எழுதுவார்கள். மனிதர் எழுதும் நிரலை அந்தச் சில்லுக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர், அதாவது தொகுப்பி. வாஷிங் மெஷின், ரிமோட், மின்சார மீட்டர் என்று வீட்டில் உள்ள பல பொருள்களுக்குள் இப்படி ஒரு சில்லு இருக்கிறது. அதை ஒரு பொழுதுபோக்கு ஆர்வலர் கடையில் வாங்கி, தன் மேசையில் வைத்து, தானே நிரல் எழுதி ஓட்டும் பழக்கம் பரவலானது 1990களிலிருந்துதான்.

தொழிற்சாலையும் ஆர்வலரும் சில்லைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு ஒன்றல்ல. லட்சக்கணக்கில் பொருள் செய்யும் தொழிற்சாலை ஒரு சில்லுக்கு எத்தனை பைசா மிச்சம் என்று பார்க்கும். கம்பைலர் உரிமத்துக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்தாலும் அந்தச் செலவு லட்சம் பொருள்களில் கரைந்துவிடும். ஆர்வலர் வாங்குவது ஒன்றோ இரண்டோ சில்லுதான். கம்பைலருக்கும், நிரலைச் சில்லுக்குள் ஏற்றும் கருவிக்கும் ஆகும் முழுச் செலவும் அந்த ஒற்றைச் சில்லின் தலையில் வந்து விழும். அதனால், எந்தச் சில்லு வேகமானது என்பதைவிட, எழுதிய நிரலை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு செலவாகும், தப்பாகப் போனால் எவ்வளவு சீக்கிரம் திருத்தலாம் என்பதே அவருடைய தேர்வைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

தொழிற்சாலைக்கு மட்டுமான சில்லுகள்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கேரி பூன், மைக்கேல் காக்ரன் இருவரும் 1971-ல் ஒற்றைச் சில்லுக் கால்குலேட்டரை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த டிஎம்எஸ்1000 என்ற 4 பிட் சில்லு 1974-ல் விற்பனைக்கு வந்தது. நிரலுக்கு 1,024 பைட், தரவுக்கு 64 அரை பைட் என்பதுதான் அதன் மொத்த இடம். நிரலைச் சில்லு தயாராகும்போதே, சுற்றின் வடிவத்தை வரையும் முகமூடியின் வழியாகப் பதித்துவிடுவார்கள். பதித்ததை அழிக்க முடியாது. ஒரு முகமூடி செய்யும் செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும். பொம்மையும் மைக்ரோவேவ் அடுப்பும் செய்யும் நிறுவனங்களுக்கு இது சரி. தனி ஆளுக்கு இதில் வேலையில்லை. அந்த ஆண்டுகளின் ஆர்வலர்கள் 1975-ல் வந்த ஆல்டேர் 8800 போன்ற மைக்ரோபிராசசர் கணினிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1976-ல் இன்டெல் 8048 வந்தது. நிரலுக்கு 1 கிலோபைட், தரவுக்கு 64 பைட். இதுவும் முகமூடிச் சில்லுதான். ஆனால் இதன் இணை வடிவமான 8748-ல், அதே நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் 1971-ல் கண்டுபிடித்த, அழித்து எழுதக்கூடிய ஈப்ராம் நினைவகம் இருந்தது. முகமூடிக்குச் செலவு செய்யுமுன் நிரலைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர்களுக்காகச் செய்யப்பட்ட சில்லு அது. தனி ஆள் ஒருவர் தன் நிரலைப் பதிக்கக்கூடிய முதல் மைக்ரோகண்ட்ரோலர்களில் அதுவும் ஒன்றாயிற்று.

சன்னல் வைத்த சில்லு

ஈப்ராம் சில்லைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். பீங்கான் உடலின் நடுவில் வட்டமாக ஒரு சிறு சன்னல். அதன் வழியே உள்ளே சிலிக்கான் துண்டு மினுங்கும். சன்னல் குவார்ட்ஸால் ஆனது. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். நிரலை ஏற்ற 20 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் தரும் தனிக் கருவி வேண்டும். நிரலில் பிழை இருந்தால் சில்லைச் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்து, புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் 15 முதல் 20 நிமிடம் வைத்து அழித்து, மறுபடி ஏற்றி, கால் வளையாமல் சாக்கெட்டில் பொருத்த வேண்டும். நிரல் இருக்கும் சில்லின் சன்னல்மேல் வெளிச்சம் புகாத ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் நிரல் அழியும். கைவசம் மூன்று நான்கு சில்லு வைத்திருந்தவர்கள் ஒன்று விளக்கடியில் கிடக்க இன்னொன்றில் வேலை பார்த்தார்கள். பீங்கான் உடலும் குவார்ட்ஸ் சன்னலும் விலையை ஏற்றின. அதே சில்லைச் சன்னலில்லாத பிளாஸ்டிக் உடலில் வாங்கினால் மலிவு. ஆனால் ஒரு முறைதான் எழுத முடியும். ஒரு பிழைக்கு ஒரு சில்லு குப்பைக்குப் போகும்.

1980-ல் இன்டெல் வெளியிட்ட 8051 இந்தத் துறையில் நெடுங்காலம் நிலைத்தது. ஜான் வார்ட்டன் வகுத்த ஆணைத்தொகுப்பு. 4 கிலோபைட் நிரலிடம், 128 பைட் தரவிடம், 32 உள்ளீட்டு வெளியீட்டுக் கால்கள், இரண்டு டைமர், ஒரு சீரியல் போர்ட். சன்னல் வைத்த 8751 விலை அதிகம் என்பதால் ஆர்வலர்கள் நிரல் நினைவகமே இல்லாத 8031-ஐ மலிவாக வாங்கினார்கள். அதன் பக்கத்தில் தனி ஈப்ராம் ஒன்று, முகவரியைப் பிடித்து வைக்க 74எல்எஸ்373 ஒன்று. மூன்று சில்லும் ஒரு படிகமும் சேர்ந்தால் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. இதற்கும் விலை உண்டு: வெளி நினைவகத்தோடு பேசவே 32 கால்களில் 16 போய்விடும்.

அசெம்பிளியும் பேசிக்கும்

இந்தச் சில்லுகளுக்கு நிரல் எழுதுவது பெரும்பாலும் அசெம்பிளி மொழியில்தான். அதற்குப் பழக்கம் மட்டுமல்ல, சில்லின் அமைப்பும் காரணம். சி மொழி, ஒவ்வொரு செயற்கூறும் (ஃபங்ஷன்) தன் மாறிகளை அடுக்கில் (ஸ்டாக்) வைத்துக்கொள்ளும் என்ற அனுமானத்தில் பிறந்தது. 8051-ன் அடுக்கோ உள்ளிருக்கும் சிறு நினைவகத்துக்குள் ரெஜிஸ்டர்களோடும் மற்ற மாறிகளோடும் இடத்துக்குப் போட்டி போடும். இரண்டு பைட் எண்கள் ஒரு இருபது, ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து அழைப்புகள் என்றாலே 128 பைட்டில் பாதி தீர்ந்துவிடும்.

ஜெர்மனியின் கைல் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்த சி51 கம்பைலர் இதற்கு ஒரு வழி கண்டது. எந்தச் செயற்கூறு எதை அழைக்கிறது என்ற மரத்தை முதலில் வரைந்துகொள்ளும். ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வாய்ப்பில்லாத செயற்கூறுகளின் மாறிகளை ஒரே முகவரியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடும். மாறிகளுக்கு அடுக்கே தேவைப்படாது. தொழில்துறை இதை விரும்பி வாங்கியது. ஆர்வலர்களுக்கும் மாணவர்களுக்கும் கிடைத்தது 2 கிலோபைட்டுக்கு மேல் நிரலை ஏற்காத இலவசச் சோதனைப் பதிப்பு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8051 படித்தவர்கள் பலருக்குப் பழக்கமானது இந்தக் கைல்தான்.

கம்பைலரே வேண்டாம் என்பது இன்னொரு வழி. இன்டெல் 8052-ன் 8 கிலோபைட் நிரலிடத்தில் நிரலை வரி வரியாகப் படித்து ஓட்டும் ஒரு முழு பேசிக் மொழி இன்டர்பிரட்டரைப் பதித்து 8052ஏஎச்-பேசிக் என்று விற்றது. சீரியல் கம்பியில் ஒரு டெர்மினலை இணைத்து வரி எண்ணோடு தட்டினால் உடனே ஓடும். 1985-ல் பைட் இதழில் ஸ்டீவ் சியார்சியா இதை வைத்து ஒரு பலகை கட்டும் முறையை வெளியிட்டார். அது ஆர்வலரிடையே பரவியது.

1992-ல் கலிபோர்னியாவின் பாராலாக்ஸ் நிறுவனம் இதே எண்ணத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி பேசிக் ஸ்டாம்ப் என்று விற்றது. உள்ளே பிக் என்ற சில்லு ஒன்றில் இன்டர்பிரட்டர். பக்கத்தில், மின்சாரத்தால் அழித்து எழுதக்கூடிய 256 பைட் ஈஈப்ராம் நினைவகத்தில் பயனரின் நிரல், சுருக்கக் குறிகளாக. விநாடிக்கு ஏறத்தாழ 2,000 ஆணைதான் ஓடும். கதவு மணிக்கும் சிறு ரோபோவுக்கும் அது போதும். 1995-ல் வந்த இரண்டாம் ஸ்டாம்ப் கலைக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இடம் பிடித்தது. விலைதான் இடித்தது: சில டாலர் பெறும் சில்லை உள்ளே வைத்த பலகைக்குச் சுமார் 50 டாலர்.

எம்ஐடியில் மாணவர்களின் ரோபோப் போட்டிக்காக உருவான பலகைகள் மோட்டோரோலா 68எச்சி11-ஐத் தேர்ந்தெடுத்தன. அவற்றோடு வந்த இன்டராக்டிவ் சி, நிரலை ஓர் இடைக்குறியாக மாற்றிப் பலகையில் ஓட்டியது. ஒரு வரியைத் தட்டி உடனே விளைவைப் பார்க்கலாம். அந்த வழியில் ஃப்ரெட் மார்ட்டின் வடிவமைத்த ஹேண்டி போர்டு 1990களின் நடுவில் பல கல்லூரிகளுக்குப் போனது. சில்லோடு சேர்த்து அதற்கான மொழியையும் கையில் கொடுத்தால் புதியவர்கள் வருவார்கள் என்பதற்கு ஸ்டாம்பும் ஹேண்டி போர்டும் ஆரம்பச் சான்றுகள்.

பிக் 16சி84

பிக் என்ற பெயர் 1970களின் நடுவில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தில் தொடங்கியது. அதன் சில்லுப் பிரிவு பிரிந்து மைக்ரோசிப் ஆனது. 1993-ல் மைக்ரோசிப் வெளியிட்ட பிக் 16சி84 காகிதத்தில் பார்த்தால் எளியது: 18 கால், 1,024 ஆணைக்கு இடம், 36 பைட் தரவிடம், கற்க 35 ஆணைகள். ஆனால் அதன் நிரல் நினைவகம் ஈஈப்ராம். மின்சாரத்தாலேயே அழிக்கலாம், நொடிகளில் திரும்ப எழுதலாம். சன்னலும் இல்லை, புற ஊதா விளக்கும் இல்லை.

நிரல் ஏற்றுவதும் இரண்டு கம்பி வழியாகத்தான்: ஒன்றில் துடிப்பு, ஒன்றில் தரவு. கூடவே ரீசெட் காலில் சுமார் 13 வோல்ட் கொடுக்க வேண்டும். கணினியின் பிரிண்டர் போர்ட்டில் சில டிரான்சிஸ்டர்களையும் ரெசிஸ்டர்களையும் கோத்து ஒரு மாலைப் பொழுதில் ஏற்றும் கருவியைக் கட்டிவிடலாம். அப்படிப்பட்ட சுற்று வரைபடங்களும் அவற்றுக்கான மென்பொருளும் கைமாறிக் கைமாறி உலகெங்கும் போயின. மைக்ரோசிப் தன் அசெம்பிளரை இலவசமாகவே கொடுத்தது. 1998-ல் ஃபிளாஷ் நினைவகத்தோடு வந்த பிக் 16எஃப்84, அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆர்வலர் இதழ்களின் வாடிக்கைச் சில்லாக இருந்தது.

அதன் பலவீனம் சி மொழி. இந்த எட்டு பிட் பிக்கில் கணக்கு முழுவதும் ஒரே ஒரு ரெஜிஸ்டர் வழியாக நடக்கும். தரவிடம் வங்கி வங்கியாகப் பிரிந்திருக்கும். அழைப்புகளுக்கான அடுக்கு எட்டு படிதான், அதிலும் தரவு வைக்க முடியாது. இதற்கு நல்ல கம்பைலர் எழுதுவது தேர்ந்தவர்களின் தொழில். அவர்கள் அதை விலைக்குத்தான் விற்றார்கள். ஆஸ்திரேலியாவின் ஹைடெக் நிறுவனத்தின் கம்பைலர் அவற்றில் பேர்பெற்றது. 2009-ல் மைக்ரோசிப் அந்த நிறுவனத்தையே வாங்கியது. இன்றைய எக்ஸ்சி8 அதன் வாரிசு.

அட்மெல் நிறுவனமும் 1993-ல் ஃபிளாஷ் நினைவகத்தை 8051-க்குள் வைத்து ஏடி89சி51 என்று கொடுத்தது. பழைய சில்லின் அதே 40 கால், அதே ஆணைகள். சன்னல் மட்டும் இல்லை. பாடத்திட்டத்தில் 8051 ஏற்கெனவே இருந்த இந்தியாவில் இது நன்றாக வேரூன்றியது. சென்னை ரிச்சி தெருவில் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகப் பொருள் வாங்க வந்த மாணவர்கள் எல்சிடி, ரிலேவோடு சேர்த்துக் கேட்டு வாங்கிய சில்லு அது.

கம்பைலரைக் கேட்டுச் செய்த சில்லு

நார்வேயின் ட்ரான்ஹைமில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய வடிவமைப்பு, அட்மெல் கைக்கு வந்து, 1990களின் பிற்பாதியில் ஏவிஆர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. எட்டு பிட் சில்லுதான். ஆனால் 32 பொது ரெஜிஸ்டர்கள், பெரும்பாலான ஆணைகள் ஒரே துடிப்பில் முடியும். ஆணைத்தொகுப்பு இறுதியாகும் முன்பே ஸ்வீடனின் ஐஏஆர் நிறுவனத்தில் கம்பைலர் எழுதுபவர்களிடம் அது காட்டப்பட்டது. அவர்கள் சொன்னபடி திருத்தவும்பட்டது.

அந்தத் திருத்தத்தின் தடயம் இன்றும் சில்லில் இருக்கிறது. ஒரு ரெஜிஸ்டரிலிருந்து மாறிலியைக் கழிக்கும் ஆணை உண்டு. கடன் பிட்டோடு கழிக்கும் ஆணையும் உண்டு. மாறிலியைக் கூட்டும் ஆணை மட்டும் ஒற்றை ரெஜிஸ்டருக்கு இல்லை. ஐந்தைக் கூட்ட வேண்டுமென்றால் கம்பைலர் மைனஸ் ஐந்தைக் கழித்துக்கொள்ளும். அதனால் மிச்சமான இடம் 16, 32 பிட் எண்களைக் கையாளும் ஆணைகளுக்குப் போனது. கையால் அசெம்பிளி எழுதுபவருக்கு இது விசித்திரம். கம்பைலருக்கோ ஒரு பொருட்டே இல்லை.

நிரல் ஏற்றுவது இன்னும் எளிதாயிற்று. சில்லு பலகையிலேயே இருக்க, வழக்கமான 5 வோல்ட்டிலேயே, நாலு சமிக்ஞைக் கம்பியில் ஏற்றலாம். பிக்குக்கு வேண்டியிருந்த 13 வோல்ட்டும் தேவையில்லை.

ஆனால் ஆர்வலர் உலகில் ஏவிஆரை நிலைநிறுத்தியது ஐஏஆரின் கம்பைலர் அல்ல. அது நிறுவனங்கள் வாங்கும் விலையில் இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட ஜிசிசி கட்டற்ற மென்பொருள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. புதிய சில்லுக்கு அதைப் பெயர்க்க விரும்புபவர் முழுக் கம்பைலரையும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சில்லின் ரெஜிஸ்டர்களையும் ஆணைகளையும் விவரிக்கும் பின்பகுதியை மட்டும் எழுதினால் போதும். ஆனால் ஜிசிசி, நிறையப் பொது ரெஜிஸ்டர்கள் இருக்கும் சில்லுகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. ஒற்றை ரெஜிஸ்டர் பிக் அந்த அச்சுக்குள் அடங்கவில்லை. 32 ரெஜிஸ்டர் ஏவிஆர் அடங்கியது. டெனிஸ் செர்டிகோவ் எழுதிய ஏவிஆர் பின்பகுதி 2001-ல் வந்த ஜிசிசி 3.0-ல் இடம்பெற்றது. நூலகமாக ஏவிஆர்-லிப்சி, ஏற்றும் மென்பொருளாக ஏவிஆர்டியூட், எல்லாவற்றையும் விண்டோஸுக்கு ஒரே பொதியாகத் தந்த வின்ஏவிஆர் என்று தன்னார்வலர்கள் மிச்சத்தை நிரப்பினார்கள். அளவு வரம்பில்லாத, உரிமக் கட்டணமில்லாத முழு சி கம்பைலர் ஓர் எட்டு பிட் சில்லுக்குக் கிடைத்தது.

8051 போன்ற பழைய சில்லுகளுக்காகச் சந்தீப் தத்தா தொடங்கிய எஸ்டிசிசி என்ற கட்டற்ற கம்பைலரும் இதே காலத்தில் வளர்ந்தது. ஜிசிசியின் அச்சுக்குள் அடங்காத சிறு சில்லுகளுக்கு அது இன்றும் துணை.

ஏவிஆருக்கும் ஒரு முள் உண்டு. நிரல் நினைவகமும் தரவு நினைவகமும் வெவ்வேறு முகவரி உலகங்கள். சி மொழிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதனால் நிரலில் மேற்கோளுக்குள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் தொடக்கத்திலேயே தரவிடத்துக்கு நகலாகிவிடும். 2,048 பைட் தரவிடம் உள்ள சில்லில் முப்பது நாற்பது நீண்ட செய்திகளை எழுதினால் இடம் தீர்ந்து, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் பலகை தானாக மறுபடி மறுபடி தொடங்கும். அந்தச் செய்திகளை நிரலிடத்திலேயே விட்டுவைக்கச் சொல்லும் தனிக் குறிப்பைக் கற்பது ஏவிஆர் பழகுபவர்களின் முதல் பாடங்களில் ஒன்றாயிற்று.

இவ்ரேயாவில் ஒரு பலகை

இத்தாலியின் இவ்ரேயா, ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரங்கள் பிறந்த ஊர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பயின்றவர்களுக்கு மின்னணுவியல் தெரியாது; ஆனால் அசையும், ஒளிரும் பொருள்களைச் செய்ய வேண்டியிருந்தது. கையில் இருந்தது விலை கூடிய பேசிக் ஸ்டாம்ப். கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ரகான் 2003-ல் தன் முதுகலை ஆய்வாக வயரிங் என்ற பலகையையும் மென்பொருளையும் உருவாக்கினார்: ஏவிஆர் குடும்பத்தின் ஏடிமெகா128, அதற்கு ஜிசிசி, மேலே கலைஞர்களுக்கான பிராசசிங் மென்பொருளைப் போன்ற எளிய எழுதுதிரை. அதே கல்விக்கூடத்தின் மாசிமோ பன்சி, டேவிட் குவார்ட்டியெல்ஸ், டேவிட் மெல்லிஸ் முதலானோர் இன்னும் மலிவான ஏடிமெகா8-ஐ வைத்து 2005-ல் ஆர்டுயினோவைத் தொடங்கினார்கள். ஊரிலிருந்த ஒரு மதுக்கடையின் பெயர் அது. கடைக்கு அந்தப் பெயரைத் தந்தவர் 1002-ல் இத்தாலியின் அரசரான இவ்ரேயாவின் ஆர்டுயின்.

ஆர்டுயினோவில் பெரும்பாலும் பழைய பாகங்கள்தான். புதியது, அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை மூடியது. பயனர் இரண்டு செயற்கூறு எழுதுவார்: ஒன்று ஆரம்பத்தில் ஒரு முறை ஓடும், இன்னொன்று திரும்பத் திரும்ப ஓடும். பொத்தானை அழுத்தினால் எழுதுதிரை விடுபட்ட அறிவிப்புகளைத் தானே சேர்த்து, ஜிசிசியை ஓட்டி, ஏவிஆர்டியூட் மூலம் யூஎஸ்பி கம்பியில் அனுப்பும். சில்லுக்குள் முன்பே இருக்கும் பூட்லோடர் என்ற சிறு நிரல் அதை வாங்கி ஃபிளாஷில் எழுதும். தனி ஏற்றும் கருவி தேவையில்லை. தொடக்ககாலப் பலகைகளில் சரியான நொடியில் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் ஏற்றம் தோற்கும். 2007-ல் வந்த டியெச்சிமிலா பலகை அந்த ரீசெட்டையும் கணினியே செய்ய வைத்தது.

பலகையின் வரைபடங்கள் வெளிப்படையாக இருந்ததால் நகல்கள் பெருகின. 2010-ல் வந்த ஆர்டுயினோ ஊனோ பலகையின் சீன நகல் ரிச்சி தெரு வரை சில நூறு ரூபாய்க்கு வந்து சேர்ந்தது. ஆர்வலர் கேள்வியும் மாறியது. எந்தச் சில்லு என்று கேட்பது குறைந்து, இதற்கு ஆர்டுயினோவில் நூலகம் இருக்கிறதா என்று கேட்பது வழக்கமாயிற்று. 2016-ல் மைக்ரோசிப் அட்மெல்லை வாங்க, நெடுநாள் போட்டியாளர்களான பிக்கும் ஏவிஆரும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

முப்பத்திரண்டு பிட்

ஏஆர்எம் நிறுவனம் 2004-ல் அறிவித்த கார்டெக்ஸ்-எம்3, மைக்ரோகண்ட்ரோலருக்கென்றே வகுத்த 32 பிட் கரு. நிரலும் தரவும் ஒரே முகவரி வரிசையில் இருப்பதால் ஏவிஆரின் முள் இதில் இல்லை. ஏஆர்எம்முக்கான ஜிசிசியும் ஏற்கெனவே இருந்தது. 2007-ல் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் இந்தக் கருவை வைத்து எஸ்டிஎம்32 குடும்பத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் விலை எட்டு பிட் சில்லுகளின் அருகே வந்துவிட்டது.

கம்பைலர் இலவசம், சில்லு மலிவு; ஆனாலும் ஆர்வலர்கள் தயங்கினார்கள். இங்கே தடை வேறு. ஏடிமெகாவின் முழு விவரமும் சில நூறு பக்கத்தில் முடியும். எஸ்டிஎம்32எஃப்103-ன் கையேடு மட்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். மின்சாரம் மிச்சப்படுத்த, சில்லின் பெரும்பாலான பகுதிகள் துடிப்பு நிறுத்தப்பட்ட நிலையில்தான் விழிக்கும். எல்இடியை எரியவைக்கும் வரிகளைச் சரியாக எழுதிய புதியவர், எல்இடி இணைந்த கால் சேர்ந்த போர்ட்டுக்குத் துடிப்பைத் திறந்துவிடும் ஒரு வரியை மறந்தால் எல்இடி எரியாது. கம்பைலர் ஒரு குறையும் சொல்லாது.

நிறுவனங்கள் பலகைகளை மிக மலிவாகக் கொடுத்து இந்தத் தடையைத் தாண்டப் பார்த்தன. 2010-ல் எஸ்டியின் டிஸ்கவரி பலகை ஏற்றும் கருவியோடு சேர்த்துச் சுமார் 10 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் 16 பிட் எம்எஸ்பி430 சில்லுக்கான லாஞ்ச்பேடை 4.30 டாலருக்குக் கொடுத்தது. 2009-ல் வந்த ஏஆர்எம்மின் எம்பெட் தளம், கம்பைலரையே இணையத்துக்குக் கொண்டுபோனது. உலாவியில் எழுதி, கிடைத்த கோப்பை யூஎஸ்பி டிரைவ் போலத் தெரியும் பலகைக்குள் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் கம்பைலர் பயனரின் கணினியில் இல்லை. எம்பெட் 2026 ஜூலையில் முடிவுக்கு வரும் என்று 2024-ல் ஏஆர்எம் அறிவித்தபோது, வசதிக்காக அதை நம்பியிருந்தவர்கள் வேறு கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் அசெம்பிளர் ஒன்றை ஒரு டிஸ்கில் வைத்திருப்பவர் அதை இன்றும் ஓட்டலாம்.

வைஃபையும் பைத்தானும்

2014-ல் சந்தைக்கு வந்த இஎஸ்பி-01, சில டாலர் விலையில் ஒரு வைஃபை மாட்யூல். உள்ளே ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266. முதலில் ஆர்டுயினோவின் துணைக்கருவியாகத்தான் இதைப் பயன்படுத்தினார்கள்: ஆர்டுயினோ சீரியல் கம்பியில் கட்டளை அனுப்ப, மாட்யூல் இணையத்தோடு பேசும். ஆனால் மாட்யூலுக்குள் இருந்த செயலி 80 மெகாஹெர்ட்ஸ், 32 பிட். 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோவைவிடப் பல மடங்கு வலியது. அந்த எக்ஸ்டென்சா செயலிக்கும் ஜிசிசி இருந்தது. எஸ்பிரெசிஃப் அதே ஆண்டு மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. 2015-ல் ஆர்டுயினோ எழுதுதிரையிலிருந்தே இஎஸ்பி8266-க்கு நிரல் எழுத முடிந்தது. நடுவில் இருந்த ஆர்டுயினோ பலகை தேவையற்றுப் போனது. அதன் எழுதுதிரை தங்கியது. 2016-ல் வந்த இஎஸ்பி32 இரட்டைக் கருவோடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நினைவகம் மலிவானதும் பழைய இன்டர்பிரட்டர் யோசனை திரும்பி வந்தது. டேமியன் ஜார்ஜ் 2013-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கிய மைக்ரோபைத்தான், 256 கிலோபைட் நிரலிடமும் 16 கிலோபைட் தரவிடமும் இருந்தால் ஓடும். 8052-க்குள் 8 கிலோபைட்டில் அடங்கிய பேசிக்கோடு ஒப்பிட்டால் முப்பது மடங்கு இடம். பயன் ஒன்றுதான்: வரியைத் தட்டினால் உடனே விளைவு.

2021 ஜனவரியில் ராஸ்பெர்ரி பை நிறுவனம் 4 டாலருக்கு வெளியிட்ட பிக்கோ பலகை இந்த எல்லா வழிகளையும் ஒன்றாகச் சேர்த்தது. தானே வடிவமைத்த ஆர்பி2040 சில்லு, இரண்டு கார்டெக்ஸ்-எம்0+ கரு, 264 கிலோபைட் தரவிடம். சி எழுத ஜிசிசி, விரும்பினால் மைக்ரோபைத்தான். பலகையில் உள்ள பொத்தானை அழுத்தியபடி யூஎஸ்பி கம்பியைச் செருகினால் டிரைவ் போலத் திறக்கும். கோப்பை இழுத்துப் போடலாம். இந்த வேலையைச் செய்யும் பூட்லோடர், சில்லு தயாராகும்போதே முகமூடி வழியாகப் பதிக்கப்பட்டது. எந்த நிரல் தவறினாலும் அது அழியாது, பலகையை மீட்டுவிடலாம். 1974-ல் தனி ஆளை வெளியே நிறுத்திய அதே முகமூடி நினைவகம், அவரைப் பிழையிலிருந்து காக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டால் எஸ்டிஎம்32 கிடைக்காமல் தவித்தவர்கள் பலரும் பிக்கோவுக்கும் இஎஸ்பி32-க்கும் நகர்ந்தார்கள்.

கம்பைலர் முந்திக்கொண்ட சில்லு

2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், உரிமக் கட்டணமில்லாத திறந்த ஆணைத்தொகுப்பு. சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் நடக்கும் சக்தி செயலித் திட்டம் கட்டப்பட்டிருப்பது இதன்மேல்தான். மைக்ரோகண்ட்ரோலர் அளவிலான கருக்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. எஸ்பிரெசிஃப்பும் தன் புதிய சில்லுகளுக்கு இதற்கே மாறியது. 2024-ல் வந்த பிக்கோ 2-ல் ஏஆர்எம் கருக்களும் ரிஸ்க்-ஃபைவ் கருக்களும் ஒரே சில்லில் இருக்கின்றன. எதை ஓட்டுவது என்பது பயனரின் விருப்பம்.

சீனாவின் டபிள்யூசிஎச் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட சிஎச்32வி003, மொத்தமாக வாங்கினால் 10 அமெரிக்க சென்ட் அளவில் பேசப்பட்ட சில்லு. 48 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் தரவிடம். தரவிடக் கணக்கில் இது ஊனோவுக்குச் சமம். ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசி 2017-லேயே பொதுப் பதிப்பில் சேர்ந்துவிட்டதால், இந்தச் சில்லு பிறப்பதற்கு முன்பே அதற்கான கம்பைலர் தயாராக இருந்தது. 8051 வந்து எட்டு ஆண்டு கழித்துத்தான் கைல் சி51 வந்தது. ஏவிஆர் கம்பைலர் எழுதுபவரைக் கேட்டு வடிவம் பெற்றது. ரிஸ்க்-ஃபைவ் சில்லோ கம்பைலர் காத்திருக்கும் உலகத்துக்குள் வந்து இறங்கியது. மிச்சமிருந்தது ஏற்றும் வழி மட்டும்: ஒற்றைக் கம்பியில் பேசும் அந்தச் சில்லுக்கு நிறுவனம் தனிக் கருவி விற்றது. ஆர்வலர்கள் அந்தக் கம்பியின் மொழியைப் படித்தறிந்து, கைவசம் கிடந்த வேறு பலகைகளையே ஏற்றும் கருவியாக்கிக்கொண்டார்கள். பிரிண்டர் போர்ட்டில் டிரான்சிஸ்டர் கோத்து 16சி84-க்குச் செய்த அதே வேலைதான்.